அடகில் மூழ்கிய லென்ஸ்

பூபாலன் வீட்டுக் கல்யாண ரிசப்ஷனில் எடுத்த படங்கள் அத்தனையிலும் மாப்பிள்ளை பனியனும் ஜட்டியுமாக நின்றார். அன்று சாயந்திரம் அவர் சாம்பல் நிறக் கோட்டும் பேன்ட்டும் போட்டு, டை இறுக்கியதில் முகம் சிவந்து, வந்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டிருந்ததை ஊரே பார்த்தது. ஆனால் கோட்டு செட் அரக்கோணத்தில் வாடகைக்கு எடுத்தது. பனியனும் ஜட்டியும்தான் அவருடைய சொந்தம். பக்கத்தில் நின்ற பெண்ணுக்குக் கழுத்தில் தாலிக்கயிறும் நூல் போல ஒரு சங்கிலியும் மட்டும் இருந்தன. முகூர்த்தத்தில் எல்லோர் கண்ணையும் பறித்த மாங்காய் மாலையையும் ஒட்டியாணத்தையும் வங்கியையும் காணோம். அவை பூபாலனின் சின்ன மச்சினி வீட்டிலிருந்து இரவல் வந்தவை. பந்தியில் உட்கார்ந்தவர்கள் நாற்காலி இல்லாமல் காற்றில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் மேஜை இல்லாமல் இலைகள் ஒரே மட்டத்தில் மிதந்தன. சமையல்கட்டில் அண்டாவைக் காணோம், ஆனால் சாம்பார் அண்டாவின் வடிவத்திலேயே, ஒரு சொட்டுச் சிந்தாமல், உருண்டு நின்றது. மண்டபமும் வாடகை என்பதால் சுவரும் கூரையும் போய்விட்டன. அந்தக் கல்யாணம் முழுக்க வெட்டவெளியில் நடந்தது போலவும், பின்னால் திருப்பதி பஸ் ஒன்று திரும்புவது போலவும் படங்களில் இருந்தது.

இதற்காக இரண்டு வீட்டாரும் அடித்துக்கொண்டிருக்க வேண்டும். திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு போடுகிற பூபாலன், பெண்ணுக்குப் போட்டது எல்லாம் தன் வீட்டு நகை என்று சம்பந்தியிடம் சொல்லியிருந்தார். சம்பந்தியோ, பையனுக்குச் சென்னையில் பெரிய கடையில் அளவெடுத்துக் கோட்டு தைத்ததாகச் சொல்லியிருந்தார். இரண்டு பக்கமும் சரிசமமாக அவிழ்ந்து போனதால் யாரும் யாரையும் கேட்க முடியவில்லை. ஆல்பத்தைப் பட்டுத் துணியில் சுற்றிப் பீரோவின் அடித்தட்டில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். படம் எடுத்த பரணிதரன் மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டு, பழைய லென்ஸ் வாங்கியது தப்போ என்று மறுபடியும் யோசிக்க ஆரம்பித்தார்.

யோசிப்பது அவருக்குத் தொழில் மாதிரி. போட்டோ எடுப்பது உபதொழில். திருத்தணி பஜாரிலிருந்து மலைக்குப் போகிற வழியில் அவருக்கு ஒரு ஸ்டூடியோ. முன்கட்டில் ஸ்டூடியோ, பின்கட்டில் குடித்தனம், இரண்டும் வாடகை. முதலில் அவரிடம் இருந்த லென்ஸைக் கெடுத்தது வேறு யாருமில்லை, அவரேதான். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குத் தறிக்காரர் தறிக்குப் பொட்டு வைப்பார், ஆட்டோக்காரர் ஆட்டோவுக்கு வைப்பார். பரணிதரன் கேமராவுக்கு வைத்தார். கேமராவின் முதுகில் வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அதற்கு முகம் எதுவோ அங்கேதானே பொட்டு என்று லென்ஸின் கண்ணாடிக்கு நட்டநடுவில் சந்தனத்தைக் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமத்தையும் வைத்தார். மறுநாள் விபூதி துடைத்த துண்டால் அதை அழுத்தித் துடைத்தார். இப்படிச் சில வருஷம் பக்தியோடு தேய்த்ததில், சந்தனம் இருந்த இடத்தில் பூஞ்சை பூத்து, அந்த லென்ஸுக்குக் கண் போயிற்று. அதன் பிறகு எடுத்த கல்யாணங்கள் எல்லாம் மார்கழிப் பனியில் நடந்தவை போல இருந்தன. கேட்டவர்களிடம் இது புது எஃபெக்ட் என்றார். ஊரும் நம்பி, எஃபெக்ட் இன்னும் கொஞ்சம் தூக்கலாக வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனது.

ஆனாலும் எத்தனை நாளைக்குப் பனியை விற்பது. லென்ஸ் ஒன்று வாங்கித்தான் ஆகவேண்டும். புதிதா, பழையதா என்பதுதான் கேள்வி. புதியது பழையதைப் போல மூன்று மடங்கு விலை. ஊரில் கேமராவே இல்லாதவர்கள் எல்லோருக்கும் இதில் திடமான அபிப்பிராயம் இருந்தது. பஸ் ஸ்டாண்டு எதிரில் செல்போன் கடை வைத்திருக்கும் தணிகைமணி, லென்ஸ் பற்றி வெளிவருகிற வீடியோ ஒன்று விடாமல் பார்ப்பவர், ஆனால் ஒன்றையும் கையால் தொட்டதில்லை. பழைய லென்ஸ் வாங்குவது அடுத்தவன் பல் தேய்த்த பிரஷ்ஷை வாங்குவதற்குச் சமம் என்று அவர் தீர்ப்புச் சொன்னார். புது வண்டி ஷோரூம் வாசலைத் தாண்டினாலே பாதி விலைதான், லென்ஸும் அப்படியே என்று சொன்னவர் ஜென்மத்தில் ஒரு சைக்கிள்கூடப் புதிதாக வாங்காதவர். இன்னொருவர் ஒரு படி மேலே போய், கல்யாணம் என்பது சுபகாரியம், அதை இன்னொருத்தன் கண் பட்ட கண்ணாடியால் எடுப்பது ரெண்டாந்தாரத்துக்குச் சமம் என்றார். பரணிதரன் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினார். மீசையை எடுப்பதா வைப்பதா என்பதற்கே நாவிதரை ஒரு மணி நேரம் காக்க வைக்கிறவர் அவர். ஆடி கிருத்திகைக்குக் காவடிகள் ஏறி இறங்கின, படித்திருவிழா வந்து போயிற்று, பெண் பார்க்கிற படத்துக்கு வந்து நின்றவர்கள் கல்யாணம் முடித்துப் பிள்ளையும் பெற்றார்கள். லென்ஸ் மட்டும் வாங்கப்படவில்லை.

கடைசியில் மனைவி பிரியங்காதான் பொறுக்கமாட்டாமல், மலைக்குப் போய்ப் பூ கட்டிப் பார்த்துவிடலாம் என்றாள். வெள்ளைப் பூ வந்தால் புதிது, செவ்வரளி வந்தால் பழையது என்று பேச்சு. இரண்டையும் தனித்தனி வெற்றிலையில் மடித்து, கொடிமரத்தடியில் வைத்துக் கும்பிட்டு, அப்போதுதான் ஓடியாட ஆரம்பித்திருந்த மகள் கயல்விழியை எடுக்கச் சொன்னார்கள். கயல் கொஞ்சமும் யோசிக்காமல் ஒன்றை எடுத்தாள். அவள் யோசிக்கிற ஜாதியில்லை. செவ்வரளி. உலகத்தில் யார் யாரோ சாமியிடம் பிள்ளை வரம் கேட்கிறார்கள், கல்யாண வரம் கேட்கிறார்கள், லென்ஸுக்கு வழி கேட்ட முதல் பக்தர் நம் பரணிதரனாகத்தான் இருப்பார்.

பழைய லென்ஸ் கிடைத்தது பஜாரில் சேட்டு கடையில். எவரோ எப்போதோ அடகு வைத்து, மீட்க வராமல், மூழ்கிப் போன லென்ஸ் அது. பல வருஷம் சேட்டின் இரும்புப் பெட்டிக்குள், சீட்டுக் கட்டித் தொங்கும் பிறத்தியார் கம்மலுக்கும் வளையலுக்கும் நடுவில் கிடந்திருக்கிறது. எது யார் கையில் இருக்கிறது, எது யாருக்குச் சொந்தம் என்பதைக் கற்றுக்கொள்ள ஒரு பொருளுக்கு அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் கிடையாது என்று பிற்பாடு ஊரில் சொன்னார்கள். சேட்டு அப்படியெல்லாம் எதுவும் சொல்லவில்லை. விற்ற பொருளைத் திரும்ப எடுக்கமாட்டேன் என்று மட்டும் சொன்னார். அந்த லென்ஸை மாட்டி எடுக்கும்போது கேமராவின் முதுகில் இருக்கிற சின்னத் திரையில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். கம்ப்யூட்டரில் ஏற்றும்போதுதான் இரவலும் வாடகையும் கழன்றுகொள்ளும். அதன் முதல் கல்யாணம் பூபாலன் வீட்டுக் கல்யாணம்.

விஷயம் வெளியே வந்ததும் ஊர் வெட்கப்பட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக நாற்காலி வாங்கியது. கல்யாணத்துக்கு வருகிறவர்கள் சொந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை பைக்கில் கட்டிக்கொண்டு வந்தார்கள். பரணிதரன் வேண்டாம் என்று சிலர் அரக்கோணத்துப் போட்டோக்காரரைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அந்த வீட்டில் பரணியைக் கூப்பிடவில்லையாமே, கழுத்தில் கிடந்தது எதுவும் அவர்களுடையது இல்லை போலிருக்கிறது என்று பந்தியிலேயே பேச்சு வந்தது. ஆகவே கூப்பிட்டாலும் மானம் போனது, கூப்பிடாவிட்டாலும் போனது. சொந்தமாக நாலு சவரன் வைத்திருந்தவர்கள் அதைப் போட்டுக்கொண்டு வலிய வந்து படம் எடுத்து, நடுக்கூடத்தில் மாட்டினார்கள். புருஷன் வாங்கித் தந்த நெக்லஸ் நிஜமாகவே வாங்கியதா என்று பார்க்கச் சில பெண்கள் மத்தியான வேளையில் வந்து போனார்கள். அவர்களில் இரண்டொருவர் அழுதுகொண்டே படி இறங்கினார்கள். பரணிதரனுக்குப் புதிய லென்ஸ் வாங்க வேண்டும் என்ற எண்ணம் அவ்வப்போது வரும். வந்தால் யோசிப்பார். அதோடு சரி.

அவருக்குச் சிரிப்பு நின்றது ஒரு கட்சிக் கூட்டத்தில். பேச வந்தவர் பெயர் இங்கே அநாவசியம், அவரும் எந்தச் சாதனையும் செய்தவர் இல்லை. சுற்றுவட்டாரத்திலிருந்து லாரி லாரியாகக் கூலிக்கு ஜனத்தைக் கொண்டு வந்து இறக்கியிருந்தார்கள். மைதானம் கொள்ளவில்லை. படத்தை ஏற்றிப் பார்த்தால், வாடகை மேடை போய், அந்தரத்தில் அவர் கை நீட்டிக் கர்ஜித்துக்கொண்டிருக்கிறார், எதிரே பொட்டல். ஒரு வேர்க்கடலைக்காரரும் இரண்டு நாய்களும் மட்டும் இருந்தார்கள். பிரியாணிப் பொட்டலங்கள் மாத்திரம் வரிசை வரிசையாக இடுப்பு உயரத்தில் நின்றன, கையில் கொடுத்த பொட்டலம் வாங்கினவருக்குச் சொந்தம்தானே. ஊர் வயிறு வலிக்கச் சிரித்தது. பரணிதரன் சிரிக்கவில்லை. அதுவரை துணி மறையும், நகை மறையும், மண்டபம்கூட மறையும், மனுஷன் மறைய மாட்டான் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அன்றையிலிருந்து கயல் ஸ்டூடியோவுக்குள் ஓடி வந்தால் கை தானாகப் போய் லென்ஸுக்கு மூடி போட்டது. அவள் பிறந்தநாளுக்கெல்லாம் செல்போனில்தான் படம் எடுத்தார்.

காரணம், கயல் அவர்கள் பெற்ற பெண் இல்லை. பரணிதரனின் அக்கா ஷோபனாவைப் பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி வைத்திருக்கும் பங்காருவுக்குக் கொடுத்திருந்தது. முதல் பெண் பிறந்தபோது பங்காரு சர்க்கரை கொடுத்தார். இரண்டாவது பிறந்தபோது சும்மா இருந்தார். மூன்றாவதும் பெண் என்று தெரிந்ததும், நூல் வந்து இறங்குகிறது என்று சொல்லி ஆஸ்பத்திரி வாசலோடு திரும்பிப் போய்விட்டார், குழந்தையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஷோபனா அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். பரணிதரனுக்கும் பிரியங்காவுக்கும் கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளையில்லை. ஷோபனா பிரியங்காவை வரச்சொல்லி, முறைப்படி ஒரு படி தவிடு கொண்டுவரச் சொல்லி, அதை மடியில் வாங்கிக்கொண்டு குழந்தையை அவள் கையில் கொடுத்தாள். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை என்று சும்மா கேலிக்குச் சொல்வார்கள், கயல் நிஜமாகவே தவிட்டுக்கு வந்தவள். பரணிதரனை நைனா என்பாள், பங்காருவை மாமா என்பாள். இதில் யாருக்கும் எந்தக் குழப்பமும் இருந்ததில்லை.

கயலுக்கு முன்பல் விழுகிற வயதில் பங்காருவுக்குத் தறி மந்தமாயிற்று. மூத்த பெண்கள் இரண்டு பேரும் சென்னையில் ஹாஸ்டலில் இருந்தார்கள். நகரிப் பக்கத்து ஜோசியர் ஒருவர் சோழி உருட்டி, வீட்டு மகாலட்சுமியை வெளியில் கொடுத்துவிட்டு லட்சுமி வரவில்லை என்றால் எப்படி வருவாள் என்று கேட்டாராம். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்குப் புத்தி எங்கே போயிற்று என்பார்கள். பங்காருவுக்கு அந்தப் புத்தி தறிக்குப் பக்கத்தில் கூட வந்ததில்லை. ஒரு தட்டு நிறையப் பழமும், பட்டுப் பாவாடையும், ஒரு ஜோடிக் கொலுசும் எடுத்துக்கொண்டு திருத்தணிக்கு பஸ் ஏறிவிட்டார். உள்ளே வந்தவர் குழந்தையைப் பார்த்தார், அவள் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக உற்றுப் பார்த்தார், தறியில் ஓடுகிற துணிக்குத் தரம் பார்க்கிற மாதிரி.

"வளக்கத்தான் மச்சான் குடுத்தேன். வளந்துட்டா. இட்டுகினு போறேன்" என்றார்.

பிரியங்காதான், "தவிடு அளந்து குடுத்துத்தாண்ணா வாங்கினோம்" என்றாள்.

"அதை மாட்டுக்கு வெச்சாச்சு" என்றார் பங்காரு.

இரண்டு பக்கத்திலும் பெரிய மனிதர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள் சேர்ந்து பேசினார்கள். போண்டாவும் டீயும் வந்தன. பெற்றவனுக்கும் பாத்தியம் உண்டு, வளர்த்தவனுக்கும் பாத்தியம் உண்டு என்று ஆரம்பித்து, இன்னும் ஒரு போண்டா எடுத்துக்கொண்டு, வளர்த்தவனுக்கும் உண்டு, பெற்றவனுக்கும் உண்டு என்று முடித்தார்கள். அப்போதுதான் பங்காரு சொன்னார், ஊருக்கே நியாயம் சொல்லுகிற லென்ஸ் மச்சான் கையிலேயே இருக்கிறதே, அதில் அவர்கள் மூன்று பேரையும் உட்கார வைத்து எடுங்கள், பெண் படத்தில் இருந்தால் அவர்களுடையவள், இல்லாவிட்டால் இரவல், இரவலைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான் என்று. பெரிய மனிதர்களுக்கு மூச்சு வந்தது. தாங்கள் வாய் திறக்க வேண்டியதில்லை என்றால் எந்த நியாயமும் அவர்களுக்குச் சம்மதம். ஆடி கிருத்திகைக் கூட்டம் கலைந்த மறு ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்துவிட்டுக் கைகழுவப் போனார்கள்.

பரணிதரன் அன்றைக்கே தணிகைமணி கடைக்கு ஓடினார். புதிய லென்ஸ் ஒன்று வரவழைத்துத் தர வேண்டும், உடனே வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் யோசிக்காமல் எடுத்த முடிவு அது, அதுவும் பித்தலாட்டம். புதிய லென்ஸுக்கு எது இரவல் எது சொந்தம் என்று தெரியாது, பச்சைக் குழந்தை மாதிரி எதைக் காட்டினாலும் பார்த்துக்கொள்ளும். பார்வைக்கு இரண்டும் ஒரே கருப்பு. மாற்றி மாட்டிவிட்டால் கயல் படத்தில் இருப்பாள், எவரும் கண்டுபிடிக்க முடியாது. அவரை எதற்கு வேண்டுமானாலும் கேலி செய்யலாம், இதற்குச் செய்ய முடியாது. அந்தப் பெண் பள்ளிக்கூடம் விட்டு வரக் கொஞ்சம் தாமதமானாலே தெருமுனைக்கும் வீட்டுக்குமாக நடக்கிறவர் அவர். அவள் இல்லாத படம் ஒன்றைப் பார்த்துவிட்டால் அதன் பிறகு எதையும் பார்க்க அவருக்குக் கண் வேண்டாம்.

பிரியங்காவிடம் சொன்னார். அவள் உளுந்து களைந்துகொண்டே கேட்டாள். "புதுசுல எடுத்தா எல்லாந்தான் தெரியும். அப்புறம் ஆயுசுக்கும் பயந்துகினு இருப்பீங்களா" என்றாள். சரி, போன தடவை மாதிரியே பூ கட்டிப் பார்த்துவிடலாம் என்றாள். அதற்கு அவர் ஆச்சரியமாக உடனே ஒத்துக்கொண்டார். வெற்றிலையை மடிக்கிற வேலையையும் தானே எடுத்துக்கொண்டார். இரண்டு வெற்றிலையிலும் வெள்ளைப் பூவையே வைத்து மடித்தார். முருகனுக்கு வேறு வழியே விடக்கூடாது என்று அவர் திட்டம்.

மூன்று பேரும் படியேறினார்கள். தட்டு பிரியங்காவின் கையில் இருந்தது. பாதிப் படியில் கயல் தண்ணீர் கேட்டாள், அவர் வாங்கப் போனார், வந்தார். கொடிமரத்தடியில் தட்டை வைத்துக் கும்பிட்டார்கள். கயல் போன தடவை மாதிரியே யோசிக்காமல் ஒன்றை எடுத்தாள். பிரித்தால் செவ்வரளி. சாமி சன்னிதியில் ஒரு நிமிஷம் பரணிதரனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. பிறகு, அவருக்கே உரிய சந்தேகத்தில், எடுக்காமல் கிடந்த மடிப்பையும் குனிந்து பிரித்தார். அதிலும் செவ்வரளிதான். சிலிர்ப்பு அப்படியே இறங்கிவிட்டது. பிரியங்கா கண்ணை மூடிக்கொண்டு ரொம்பப் பக்தியாக நின்றுகொண்டிருந்தாள்.

கீழே இறங்கும்போது படிகளை எண்ணிக்கொண்டே பாதி வழி வந்தார். பிறகு தாங்காமல், "நான் ரெண்டுலயும் வெள்ளைதான் வெச்சேன்" என்றார்.

"தெரியும்" என்றாள். "அதான் ரெண்டுலயும் செவப்பு வெச்சேன்."

முருகனுக்கு அன்றைக்கு வேலையே இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து அவரை விடுமுறையில் அனுப்பிவிட்டார்கள். ஏமாற்றிவிட்டாய் என்று அவளிடம் சொல்ல வேண்டுமானால் தான் ஏமாற்றியதையும் சன்னிதியில் வந்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே வாயை மூடிக்கொண்டு, தணிகைமணியிடம் லென்ஸை அப்புறம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டூடியோ நிறைந்துவிட்டது. பெரிய மனிதர்கள் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள். ஷட்டரை அழுத்துகிற பொறுப்பு இரண்டு பக்கத்துக்கும் பொதுவான தணிகைமணிக்கு வந்தது. தொடாமலே லென்ஸைப் பற்றி இத்தனை காலம் பேசியவர் அதைத் தொடுமுன் கையைச் சட்டையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டார். மாட்டியிருப்பது பழையதுதானா என்று பங்காருவுக்குச் சந்தேகம். மருமகனின் வாட்சைக் கட்டிக்கொண்டு வந்திருந்த ஒரு பெரிய மனிதரை முதலில் எடுத்துப் பார்த்தார்கள். வாட்ச் போயிற்று, அதோடு அவர் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார். பிறகு நீளமான ஸ்டூல் ஒன்றைப் போட்டு, பரணிதரனும் பிரியங்காவும் நடுவில் கயலுமாக உட்கார்ந்தார்கள். கயலுக்குச் சீருடை இல்லாத நாள் என்ற சந்தோஷம். தைத்துப் போட்ட மஞ்சள் கவுனில், முன்பல் இல்லாத வாயோடு, எதற்காக இத்தனை பேர் என்று கேட்காமல் கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.

கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். பரணிதரன் திரைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். அப்புறம் பிரியங்கா அவர் தோளைப் பிடித்துத் திருப்பினாள். ஸ்டூடியோ வாடகை என்பதால் சுவர் இல்லை, திரைச்சீலை மாத்திரம் சொந்தம், அது கம்பியில்லாமல் தொங்கியது. அதற்கு அப்பால் மலை தெரிந்தது. நல்ல ஸ்டூல் என்று பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வந்ததால் அதுவும் போய், மூன்று பேரும் தரைக்கு மேலே உட்கார்ந்திருந்தார்கள். கயல் இருந்தாள். ரிப்பன், முழங்காலில் விழுந்த சிராய்ப்பு, பல் விழுந்த சந்து எல்லாம் தெளிவாகத் தெரிய, இருவருக்கும் நடுவில் இருந்தாள். பரணிதரன் அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அவரும் வெட்கப்படவில்லை.

பங்காரு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அது உயிருள்ள மனுஷப் பிறவி, எதில் எடுத்தாலும் தெரியத்தான் செய்யும் என்றார். கட்சிக் கூட்டத்துப் படத்தை ஒருவர் நினைவுபடுத்தினார், அது அவர் காதில் விழவில்லை. "பெத்தவன் நான். எம் மடியில வெச்சி எடு, அப்ப தெரியும் யாரு இரவல்னு" என்று சொல்லி ஸ்டூலில் போய் உட்கார்ந்து, மனைவியையும் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னார். கதவோரம் நின்றிருந்த ஷோபனா நகரவில்லை.

"நான் தவிடு வாங்கிகினு குடுத்தவ" என்றாள். "குடுத்ததை இரவல்னு சொல்ல எனக்கு வாய் வராது. நீ உக்காந்துக்கோ."

அவர் தனியாகவே உட்கார்ந்தார். கயலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். மாமா மடிதானே என்று அவளும் மறுக்காமல் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, அதே சிரிப்பைச் சிரித்தாள். தணிகைமணி அழுத்தினார், ஏற்றினார். படத்தில் மலை இருந்தது, கம்பியில்லாத திரைச்சீலை இருந்தது. கயல் இருந்தாள். ஒரு மடியின் உயரத்தில், கீழே எதுவும் இல்லாமல், காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பூபாலன் வீட்டுப் பந்தியில் ஜனம் உட்கார்ந்திருந்த மாதிரியே காற்றில் உட்கார்ந்திருந்தாள். பங்காரு இல்லை. அவருடைய மோதிரக் கை இல்லை, வேட்டி இல்லை, ஒரு நிழல்கூட இல்லை. நம்மூரில் படம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இன்னொரு தடவை எடு என்றார். எடுத்தார்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, கயலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடியும் எடுக்கச் சொன்னார். அதிலும் அவள் காற்றில்தான் இருந்தாள், கொஞ்சம் முகத்தைச் சுளித்துக்கொண்டு. பெரிய மனிதர்கள் டீ வரவில்லையே என்று பேச்சை மாற்றினார்கள். பங்காரு தன் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, பொதட்டூர்பேட்டை பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து போனார். ஷோபனா தம்பி வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் போனாள்.

அதன் பிறகு பங்காருவின் தறி ஓடியதா என்று கேட்டால், மற்றவர்களுக்கு ஓடியபோது அவருக்கும் ஓடியது. பரணிதரன் அடுத்த வருஷம் புதிய லென்ஸும் ஒன்று வாங்கினார். புதிதா, பழையதா என்ற கேள்விக்கு இரண்டும் என்பதுதான் விடை என்று கண்டுபிடிக்க அவருக்கு அத்தனை காலம் ஆயிற்று. கல்யாணத்துக்குச் சொல்ல வருகிறவர்கள் இப்போது நாள், மண்டபம் எல்லாம் சொன்ன பிறகு, குரலைத் தாழ்த்திப் புதுசையே கொண்டு வாங்க என்கிறார்கள். அவரும் ஆங் என்று சொல்லி அதையே கொண்டு போகிறார். அதில் மாங்காய் மாலைகள் ஜொலிக்கின்றன, கோட்டுகள் பளபளக்கின்றன. இந்த ஆயுத பூஜைக்கும் அதன் கண்ணாடிக்கு நட்டநடுவில் சந்தனப் பொட்டு வைத்திருக்கிறார், திருந்துகிற ஆள் இல்லை. பழையதைப் பிரியங்கா அரிசிப் பானைக்குப் பக்கத்தில், யாரும் பொட்டு வைக்க முடியாத உயரத்தில் வைத்திருக்கிறாள்.

பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் குடும்பப் படம் கொண்டுவரச் சொன்னார்கள். கயல் செல்போன் படம் எதையும் கேட்கவில்லை, அந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்த முதல் படத்தைத்தான் எடுத்துக்கொண்டு போனாள். டீச்சர் அதை வாங்கிப் பார்த்தார். சுவர் இல்லாமல், ஸ்டூல் இல்லாமல், மலையடிவாரத்தில் மூன்று பேர் தரைக்கு மேலே நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

"வாடகை வீடா?" என்று கேட்டார்.

"ஆங் டீச்சர்" என்றாள் கயல். டீச்சர் பின்பக்கம் பசை தடவி, மற்ற பிள்ளைகளின் படங்களுக்கு நடுவில் அதையும் சுவரில் ஒட்டினார்.